சிறுவன் அரசனின் கையெழுத்து யார் வசம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் இங்கிலாந்தின் ஆறாம் எட்வர்ட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடையில் குறை இல்லை. ஆனால் நோஞ்சான் பையன், பேராசை பிடித்த மாமன், பொம்மை ஆட்சி என்று மூன்றே சொற்களில் ஆறரை ஆண்டுகளைக் கட்டுரை கட்டிவிட்டது. அந்த மூன்றில் முதலாவது தவறு, இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது பிரச்சினையின் வேரையே மறைக்கிறது.

முதலில் நோஞ்சான் விவகாரம். 1537 அக்டோபர் 12-ல் பிறந்த எட்வர்டுக்கு நான்கு வயதில் ஒருமுறை கடுமையான முறைக்காய்ச்சல் வந்தது. அதன் பிறகு 1552 வரை அவன் குதிரை ஏறினான், வில் பிடித்தான், நன்றாகத்தான் இருந்தான். 1552 ஏப்ரலில் அம்மை கண்டு தேறினான். உயிரை வாங்கிய நுரையீரல் நோய் 1553 தொடக்கத்தில்தான் பிடித்தது. ஆகவே 1547-ல் பட்டத்துக்கு வந்தபோது இவன் நிலைக்க மாட்டான் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இன்னும் ஒன்பது வருடத்தில் பெரியவனாகி எல்லாவற்றையும் கேள்வி கேட்பான் என்றே கணக்குப் போட்டார்கள். அந்தப் பயம்தான் அந்த ஆட்சியை நடத்தியது.

நம் ஊரில் மைனர் பெயரில் நிலம் இருந்தால் கார்டியன் உண்டு. கோர்ட் அனுமதி வாங்காமல் அவர் விற்றால், பையன் மேஜரானதும் வழக்குப் போட்டு ரத்து செய்துகொள்ளலாம். இங்கிலாந்தின் சட்டத்திலும் சாதாரணக் குடிமகனுக்கு ஏறக்குறைய இதுதான் நிலை. அரசனுக்கு மட்டும் அப்படி இல்லை. தொட்டிலில் கிடந்தாலும் அவன் முழு அரசன். அவன் கையெழுத்து முழுக் கையெழுத்து. அரசன் சார்பில் ஆளும் ரீஜென்ட் என்று நிரந்தரமான பதவி கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆகவே சிறுவன் எந்த அறையில் தூங்குகிறான், அந்த அறை வாசலில் யார் நிற்கிறார்கள், அவன் முன்னால் காகிதத்தை நீட்டுவது யார் என்பதே அரசியலாகிவிட்டது.

இதைத் தந்தை எட்டாம் ஹென்றி அறியாதவர் அல்ல. 1483-ல் பன்னிரண்டு வயது ஐந்தாம் எட்வர்டை வழியிலேயே மறித்துத் தன் வசம் எடுத்துக்கொண்ட சித்தப்பா, மூன்று மாதத்துக்குள் மூன்றாம் ரிச்சர்டாக முடிசூட்டிக்கொண்டார். அது நடந்து அறுபது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எனவே ஹென்றி தன் உயிலில் எந்தத் தனி மனிதர் கையிலும் மகனை ஒப்படைக்கவில்லை. பதினாறு உயில் நிறைவேற்றுநர்கள், அவர்களுக்கு உதவப் பன்னிரண்டு பேர். எட்வர்டுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை பெரும்பான்மை முடிவுப்படியே எதுவும் நடக்க வேண்டும். தாளில் படிக்க அருமையான ஏற்பாடு. மூன்று நாள்கூட நிற்கவில்லை.

எப்படி உடைந்தது என்பதை உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. 1547 ஜனவரி 28 அதிகாலை ஹென்றி இறந்தார். செய்தி வெளியே போகவில்லை. அரசரின் சாப்பாட்டுத் தட்டுகள் எக்காள முழக்கத்தோடு வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தன. அரசர் இறந்தால் நாடாளுமன்றம் தானாகக் கலைந்துவிடும் என்பது சட்டம், அதுவும் கூடிக்கொண்டேயிருந்தது. இதற்கிடையில் எட்வர்டின் மூத்த தாய்மாமன், ஹெர்ட்ஃபோர்ட் பிரபு எட்வர்ட் சீமோர், குதிரையேறிப் போய்ப் பையனைக் கைக்கொண்டு என்ஃபீல்டுக்கு அழைத்து வந்தார். அங்கே அக்கா எலிசபெத் இருந்தாள். இருவருக்கும் சேர்த்தே சாவுச் செய்தி சொல்லப்பட்டது. 29-ஆம் தேதி விடியுமுன்னே ஹெர்ட்ஃபோர்ட், அரண்மனையில் இருந்த செயலர் வில்லியம் பேஜெட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உயில் வைத்திருந்த பெட்டியின் சாவியை அனுப்புகிறேன், ஆனால் உயிலில் எதை எப்போது வெளியே சொல்லலாம் என்பதைப் பார்த்துச் செய்யுங்கள் என்பதே அதன் சாரம். சாவி ஒருவரிடம், உயில் இன்னொருவரிடம், பையன் சாவிக்காரரிடம். 31-ஆம் தேதி அரசின் பெருமுத்திரையை வைத்திருந்த லார்ட் சான்ஸலர் ரைஸ்லி நாடாளுமன்றத்தில் கண்ணீரோடு அறிவித்த அதே நாளில், பதினாறு பேரில் பதின்மூன்று பேர் கூடி ஹெர்ட்ஃபோர்டை அரசின் பாதுகாவலர் ஆக்கிவிட்டார்கள். மற்ற நிறைவேற்றுநர்களின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

உயிலிலேயே ஒரு ஓட்டை இருந்தது. 1544-ன் வாரிசுரிமைச் சட்டம், ஹென்றி தன் கையால் ஒப்பமிட்ட உயிலில் வாரிசு வரிசையை ஏற்படுத்தலாம் என்றது. ஆனால் கடைசி மாதங்களில் ஹென்றி கையெழுத்துப் போடுவதையே விட்டுவிட்டார், உலர்முத்திரைதான். கையெழுத்தைச் செதுக்கிய கட்டையை மையில்லாமல் தாளில் அழுத்தினால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் எழுத்தர் மையை ஓட்டுவார். இப்படி முத்திரையிட்டவற்றுக்கு மாதாமாதம் வில்லியம் கிளார்க் என்பவர் பட்டியல் வைத்தார். உயிலின் தேதி 1546 டிசம்பர் 30. கிளார்க்கின் பட்டியலிலோ அது ஜனவரி மாதத்தின் கடைசிக்கு முந்தைய பதிவு. அரசர் பேச்சு மூச்சோடு இருந்தபோது முத்திரை விழுந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். எலிசபெத் காலத்தில் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்காட்லாந்து தரப்பு இந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டது.

மற்ற பன்னிரண்டு பேர் ஏன் சம்மதித்தார்கள்? உயிலில், அரசர் வாக்களித்து நிறைவேறாமல் போன கொடைகளை நிறைவேற்றுநர்கள் கொடுத்து முடிக்கலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. என்னென்ன வாக்களித்தார்? பேஜெட்டும் இன்னும் இருவரும் நினைவிலிருந்து சொன்னார்கள். பிப்ரவரி நடுவில் ஹெர்ட்ஃபோர்ட், சாமர்செட் டியூக் ஆனார். ஜான் டட்லி வாரிக் பிரபு ஆனார். ரைஸ்லிக்குக்கூட சவுத்தாம்ப்டன் பட்டம் கிடைத்தது. பட்டங்களோடு நிலமும் போனது. வளர்ந்த அரசன் என்றால் ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனைக் காக்கவைத்து, தராசைச் சமமாகப் பிடிப்பான். சிறுவன் அரசனிடம் கேட்பவர்களும் கொடுப்பவர்களும் ஒரே ஆட்கள்.

ரைஸ்லி ஒருவர்தான் முரண்டு பிடித்தார். மார்ச் தொடக்கத்தில், அரசின் ஆலோசனைச் சபையான கவுன்சிலின் அனுமதி பெறாமல் பெருமுத்திரையைப் பயன்படுத்தித் தன் நீதிமன்ற வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார் என்று குற்றம் சாட்டிப் பதவியைப் பிடுங்கினார்கள். பெருமுத்திரை கைமாறிய சில நாளில், மார்ச் 12-ல், கவுன்சிலில் யாரை வைத்துக்கொள்வது என்பதையே தன் விருப்பப்படி முடிவு செய்யும் பட்டயம் சாமர்செட்டுக்கு வழங்கப்பட்டது. ஒப்பமிட்டவன் ஒன்பது வயது எட்வர்ட். பதினாறு பேர் கூட்டாட்சி ஆறு வாரத்தில் போன வழி இதுதான்.

இனி மாமன் விஷயம். உங்கள் கட்டுரை சாமர்செட்டையும் மூன்றாம் ரிச்சர்டையும் ஒரே தட்டில் வைத்தது. அது சரியல்ல. ரிச்சர்ட் சித்தப்பா, அரச ரத்தம், பையன் இல்லாவிட்டால் அரியணையைத் தானே கோரலாம். சாமர்செட் தாய்மாமன், மருமகன் செத்தால் அவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் அதிகாரமெல்லாம் எட்வர்டின் உயிரில் தொங்கியது. பையனின் உயிருக்குத் தாய்மாமன்கள் நல்ல காவல். ஆனால் தாய்மாமன்கள் இருவர் என்பதுதான் வினை. இளையவர் தாமஸ் சீமோர், கடற்படைத் தலைவர். அண்ணன் நாட்டுக்குப் பாதுகாவலர் என்றால் அரசனின் உடலுக்குப் பாதுகாவலர் பொறுப்பு தனக்கு வேண்டும் என்றார். குழந்தை அரசனாக இருந்த ஆறாம் ஹென்றி காலத்தில் இரண்டு பொறுப்பும் வேறுவேறு ஆட்களிடம் இருந்தன என்று முன்னுதாரணமும் காட்டினார். கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன் மசியவில்லை.

தாமஸ் பிடித்த வழி கைச்செலவுப் பணம். சாமர்செட் பையனுக்குக் காசு கொடுப்பதில் கஞ்சர். அந்தரங்க அறையில் வேலை பார்த்த ஜான் ஃபவுலர் மூலம் தாமஸ் காசு அனுப்பினார். நீ ஏழை ராஜாவாக இருக்கிறாயே, வேலைக்காரனுக்குக் கொடுக்கக்கூட உன்னிடம் ஒன்றுமில்லையே என்று உருவேற்றினார். ஒருமுறை தன் கோரிக்கையை ஆதரித்து நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதத்தில் ஒப்பமிடச் சொன்னார். எட்வர்ட் தன் ஆசிரியர் ஜான் சீக்கிடம் கேட்டான், அவர் வேண்டாம் என்றார், ஒப்பம் விழவில்லை. சிறுபிள்ளையின் ஒரு ஒப்பத்துக்கு ஏன் இத்தனை பாடு? 1547 டிசம்பரில் சாமர்செட்டின் பட்டயம் திருத்தப்பட்டு, பதினெட்டு வயதுவரை என்பது போய், அரசர் விரும்பும்வரை என்று ஆகியிருந்தது. ஆகவே பையன் மனம் மாறி ஒரு தாளில் கிறுக்கினால் பாதுகாவலர் பதவி காலி. இதை இரு சகோதரர்களும் புரிந்துவைத்திருந்தார்கள். 1549 ஜனவரியில் தாமஸ் கைதானார். இரவில் அரசனின் அறைப்பக்கம் நுழைந்து, குரைத்த நாயைச் சுட்டார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. பிரிஸ்டல் நாணயச்சாலை அதிகாரியோடு சேர்ந்து பணம் திரட்டியதும் வெளியே வந்தது. முப்பத்து மூன்று குற்றச்சாட்டுகள். வழக்கு விசாரணை இல்லை. நாடாளுமன்றச் சட்டத்தாலேயே தண்டனை. மார்ச் 20-ல் தலை போனது.

புராட்டஸ்டண்ட் சமயச் சீர்திருத்தத்தைப் பையனின் பக்தியாக மட்டும் கட்டுரை காட்டியது. அவனுக்குப் பக்தி இருந்தது உண்மை. ஆனால் எதிர்த்தவர்கள் பிடித்த ஆயுதம் வயது. 1536-ல் ஹென்றியே ஒரு சட்டம் செய்திருந்தார்: இருபத்துநான்கு வயதுக்குமுன் பட்டத்துக்கு வரும் அரசன், அந்த வயது வந்ததும், இடைக்காலத்தில் நிறைவேறிய சட்டங்களைப் பட்டயம் மூலமே செல்லாததாக்கலாம். மகனைக் காப்பாற்றச் செய்த சட்டம். விளைவு, எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒவ்வொன்றும் 1561 அக்டோபர்வரை அந்தரத்தில் தொங்கும். 1547 நாடாளுமன்றம் இதைத் திருத்தி, ரத்து செய்தாலும் அன்றிலிருந்துதான் செல்லாது, முன்னால் நடந்தவை நடந்தவையே என்று ஆக்கியது. அப்படியும் வாதம் ஓயவில்லை. தந்தை வைத்த வழிபாட்டை மகன் பெரியவனாகும்வரை தொடாதீர்கள் என்று பிஷப் கார்டினர் சொன்னார். டவர் சிறைக்குப் போனார். அக்கா மேரி தன் வீட்டில் பழைய கத்தோலிக்கப் பூசையை நிறுத்த மறுத்ததும் இதே காரணம் சொல்லித்தான். அவளுக்குப் பின்னால் ஐந்தாம் சார்லஸ் பேரரசர் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. லண்டன் பிஷப் பானரை 1549 செப்டம்பர் 1-ல் பிரசங்கம் செய்யச் சொன்ன கவுன்சில், அரசன் சிறுவன் என்பதால் அவன் அதிகாரம் குறைந்துவிடாது என்று கட்டாயம் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. மனிதர் மற்றதையெல்லாம் பேசிவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டார். பதவி பறிபோனது.

புதிய வழிபாட்டுப் புத்தகம் 1549 ஜூன் 9-ல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவனில் சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி கிராமத்தில் மக்கள் பழைய பூசையை நடத்த வைத்தார்கள். எக்ஸெட்டர் நகரை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள். எட்வர்ட் பெயரில் அவர்களுக்குப் போன பதிலின் கருத்து: மனிதன் என்ற முறையில் நாம் இளையவர்தான், ஆனால் மகுடம் வயதால் வரவில்லை, ரத்த உரிமையால் வந்தது. இந்தக் கேள்விக்கு நீதிபதிகள் வாயிலிருந்து தெளிவான பதில் வந்தது எட்வர்ட் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1561-ல். அரசனுக்குச் சொந்தமான லங்காஸ்டர் டச்சி நிலங்களைச் சிறுவயதில் எட்வர்ட் குத்தகைக்கு விட்டது செல்லுமா என்பது வழக்கு. அரசனுக்கு இரண்டு உடல் உண்டு, அரசியல் உடலுக்குச் சிறுவயதே கிடையாது, ஆகவே குத்தகை செல்லும் என்றார்கள்.

1549 அக்டோபரில் நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லை. நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் எழுந்த இன்னொரு கலகத்தை அடக்கிவிட்டுப் படையோடு திரும்பிய வாரிக், லண்டனில் மற்ற பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டார். சாமர்செட் ஹாம்ப்டன் கோர்ட்டில் பையனோடு இருந்தார். 5-ஆம் தேதி, அரசரையும் பாதுகாவலரையும் காக்க ஆயுதத்தோடு வாருங்கள் என்று எட்வர்ட் ஒப்பமிட்ட ஆணை பறந்தது. மறுநாள் இரவோடு இரவாகப் பையனைக் குதிரையில் வின்ட்சர் கோட்டைக்குக் கொண்டுபோனார். அங்கே எதுவும் தயாராக இல்லை. உலாவ நடைக்கூடமோ தோட்டமோ இல்லாத இந்த இடம் சிறை போலிருக்கிறது என்று பையன் முறையிட்டான். சாமர்செட்டிடம் இருந்தது பையன். லண்டன் பிரபுக்களிடம் இருந்தவை தலைநகர், டவர் கோட்டை, கவுன்சிலின் பெரும்பான்மை. ஒரு வாரத்தில் சாமர்செட்டின் ஆட்சி முடிந்தது. அவர் குற்றங்களை எட்வர்ட் தன் நாட்குறிப்பில் பட்டியலிட்டிருக்கிறான்: பேராசை, வீண்பெருமை, என் இளம்பருவத்தில் அவசரப் போர்களில் இறங்கியது, என் கருவூலத்தில் தன்னை வளர்த்துக்கொண்டது, எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி செய்தது. 1552 ஜனவரி 22-ல் மாமனின் தலை வெட்டப்பட்டதை, காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் என்று நேரம் குறித்து ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போனான்.

வாரிக், பின்னால் நார்தம்பர்லண்ட் டியூக் ஆனவர், பாதுகாவலர் பட்டத்தைத் தொடவே இல்லை. என் கணிப்பில் இந்தக் காலத்தின் கெட்டிக்காரர் இவரே. அந்தப் பட்டம் எல்லார் பொறாமையையும் ஈர்க்கும் என்று கண்டவர். கவுன்சில் தலைவர் பதவியையும் அரண்மனை நிர்வாகப் பதவியையும் கையில் வைத்துக்கொண்டார். சாமர்செட் வீழ்ந்த கையோடு அரசனுடன் இருக்க ஆறு பிரபுக்களும், அந்தரங்க அறைக்கு நான்கு பேரும் நியமிக்கப்பட்டார்கள். முறைபோட்டு யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். இன்னொரு தாமஸ் காசுப் பையோடு நுழைய வழியில்லை. 1551 ஆகஸ்டிலிருந்து எட்வர்டைக் கவுன்சில் கூட்டங்களில் உட்கார வைத்தார்கள். பெரியவனாகும்போது தன்னைப் பழிவாங்காத ஒரு அரசனை அவர் தயார் செய்துகொண்டிருந்தார். போர்ச்செலவுக்கு வெள்ளியைக் குறைத்து அடித்த நாணயத்தைச் சீர்செய்ய, 1551-ல் ஷில்லிங்கின் மதிப்பை 12 பென்ஸிலிருந்து முதலில் 9 ஆகவும் அடுத்து 6 ஆகவும் இறக்கினார்கள். இறக்கப்போவதை முன்கூட்டியே அறிவித்ததால் வியாபாரிகள் விலையை ஏற்றிவிட்டார்கள். கெட்டிக்காரருக்கும் சறுக்கும்.

கடைசியாக, வாரிசுத் திட்டம். எட்வர்ட் தன் கையால் எழுதிய அந்தத் தாள் லண்டன் இன்னர் டெம்பிளில் இருக்கிறது. பெண்கள் ஆளக்கூடாது என்பதே அவன் முதல் எண்ணம். ஆகவே அத்தையின் பேத்தி ஜேன் கிரேயின் ஆண் வாரிசுகளுக்கு அரியணை என்று எழுதினான். ஆனால் அப்படி ஒரு ஆண் குழந்தை யாருக்கும் பிறந்திருக்கவில்லை. நோய் முற்றியதும் இரண்டே சிறு சொற்களைச் செருகி, ஜேனுக்கும் அவள் ஆண் வாரிசுகளுக்கும் என்று மாற்றினான். பலரும் கவனிக்காத பகுதி அதே தாளில் உண்டு: அடுத்தவனும் சிறுவனாக இருந்தால் என்ன செய்வது. பதினெட்டு வயதுவரை தாய் ஆளலாம், ஆனால் இருபது பேர் கவுன்சிலில் ஆறு பேராவது ஒப்ப வேண்டும். தாய் இறந்துபோனால் கவுன்சில் ஆளட்டும், ஆனால் பையனுக்குப் பதினான்கு ஆனதும் பெரிய விஷயங்களை அவனிடம் திறந்து சொல்ல வேண்டும். மாமன் யாருக்கும் இதில் இடமில்லை.

திட்டம் தோற்றதற்கு மேரி மீது மக்கள் வைத்த அன்பு மட்டும் காரணமல்ல. எட்வர்டுக்கு வாரிசு இல்லாவிட்டால் அடுத்து மேரி என்ற 1544 சட்டம் நாடாளுமன்றச் சட்டம். பட்டயத்தால் அதை மீற முடியாது. தலைமை நீதிபதி மாண்டேகு, இதற்கு உடன்பட்டால் ராஜதுரோகம் என்று ஜூன் மாதம் அரசனின் முகத்துக்கு நேரே சொன்னார். எட்வர்ட் கோபத்தோடு கட்டளையிட்ட பிறகு, பெருமுத்திரையிட்ட ஆணையும் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் பணிந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்தைக் கூட்டிச் சரிசெய்யச் செப்டம்பர்வரை அவகாசம் வேண்டும். எட்வர்ட் ஜூலை 6-ல் இறந்தான். 1547-ல் ஆளை முதலில் பிடித்தவர் வென்றார். 1553-ல் நார்தம்பர்லண்ட் பிடிக்க வேண்டிய ஆள் மேரி. அவளோ முன்கூட்டியே கிழக்குச் சீமைக்கு நழுவிப் படை திரட்டிவிட்டாள். ஜூலை 19-ல் லண்டன் கவுன்சிலே மேரியை அரசியாக அறிவித்தது.

கட்டுரையோடு வந்த வம்சாவளிப் படத்தில் இரண்டு பிழைகள். ஜேன் கிரே எட்வர்டின் அத்தை மகள் அல்ல; அத்தை மகள் ஃபிரான்சிஸின் மகள். ஃபிரான்சிஸ் பெயரே படத்தில் இல்லை. அவள் இல்லாமல் அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று மாணவர்களுக்குப் புரியாது. ஒன்பது நாளில் ஜேனின் தலை வெட்டப்பட்டது என்ற குறிப்பும் தவறு. பதவி போனது 1553 ஜூலையில், தலை போனது 1554 பிப்ரவரி 12-ல். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை